ரெண்டாள் கார்

கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி, கூடார மூட்டையில் முழங்காலை ஊன்றி இழுத்தாள் ஒச்சம்மாள். காரின் முதுகில் ஸ்டெப்னிக்கு மேலே உட்காரமாட்டேன் என்று மூட்டை அடம்பிடித்தது.

“அமுக்காத. குலுக்கு,” என்றார் அவள் புருஷன் மாசானம்.

வீட்டு முன்னால் ஏலக்காய் காயப்போடும் களத்தின் ஓரத்தில் ஈஸிச்சேரில் கிடந்தபடியே அவருடைய அதிகாரம் நடந்தது. இடது கையும் இடது காலும் போய்விட்டாலும் வாய் போகவில்லை. ஏலக்காயை அமுக்கி அடைத்தால் காய் வெடித்துவிடும், சாக்கைக் குலுக்கிக் குலுக்கித்தான் நிரப்ப வேண்டும் என்பது அவர் வியாபாரத்தில் பாலபாடம். அதே பாடத்தைத்தான் கூடாரச் சாமானுக்கும் வைத்திருந்தார். ஒச்சம்மாள் காரின் பின்பக்கத்தைப் பிடித்து நன்றாக உலுக்கினாள். மூட்டை தானாக இறங்கி இடம் பிடித்துக்கொண்டது. ‘நான் சொல்லல?’ என்று அவர் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு இத்தனை வருஷமாக எரிச்சல்பட்டவள்தான் அவள். இன்றைக்கு அது பார்க்கக் கிடைத்ததே என்றிருந்தது.

காலையில் டாக்டர் வந்து, காலில் கோத்திருந்த நீரை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “ஆசைப்பட்டதக் குடுங்க” என்று சொல்லிப் போயிருந்தார். டாக்டர் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று போடிநாயக்கனூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாசானத்தின் தம்பி தங்கப்பாண்டி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னண்ணே வேணும்? அயிரமீன் கொழம்பா, நாட்டுக்கோழியா?” என்று கேட்டார்.

“குரங்கணியில, ஆத்தங்கரையில, கூடாரத்துக்குள்ள ஒரு ராத்திரி,” என்றார் மாசானம்.

தங்கப்பாண்டிக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. இந்தக் கூடாரப் பைத்தியம் காரோடு வந்து ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது, மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு துரை தன்னுடைய சின்னக் காரை மாசானத்தின் தலையில் கட்டிவிட்டுப் போனான். மேல்கூரை துணி. உள்ளே இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆளுக்கு வழியில்லை. ஊர் அதற்கு ரெண்டாள் கார் என்று பெயர் வைத்தது. கூடவே ஒரு கூடாரம், மடக்குக் கட்டில், மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிக்கேன் விளக்கு. வேறு யாராக இருந்தாலும் கூடாரத்தைக் கிழித்து ஏலக்காய் மூடப் படுதாவாக்கியிருப்பார்கள். மாசானம் அதை எடுத்துக்கொண்டு, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு, வருஷந்தோறும் தை மாதம் மலையடிவாரத்துக்குப் போய்ப் படுத்துவிட்டு வந்தார். கார் பனியில் நனையக் கூடாது என்று வீட்டுப் படிக்கட்டை இடித்துச் சரிவாக்கி, அகலக் கதவு போட்டு, அதை வீட்டின் முன்கூடமான பட்டாசாலைக்குள்ளேயே நிறுத்தினார். காருக்குப் பட்டாசாலை, மனுசனுக்குக் கூடாரம் என்று கடைத்தெருவே சிரித்தது.

“மதினி, அவருக்குத்தான் உடம்புக்கு முடியல. ஒங்களுக்குமா புத்தி பிசகிப்போச்சு?” தங்கப்பாண்டி இப்போது அண்ணனை விட்டுவிட்டு அவளிடம் வந்தார். “போன எடத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா வீட்டுக்குள்ள கொண்டாற முடியுமா? வெளிய போன உசுருக்கு வாசப்படி கெடையாது. சித்தப்பா தேவாரத்துச் சந்தையில விழுந்தாரே, தெருவுலதான கெடத்துனோம்?”

அவள் மறக்கவில்லை. அன்றைக்கு நல்ல மழை. கட்டிய வீடு எதிரே திறந்து கிடக்க, சித்தப்பா தெருவில் நனைந்துகொண்டு கிடந்தார். ஆள் மாற்றி ஆள் குடை பிடித்தார்கள். சின்னாத்தா மட்டும் குடைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

“தெருவுலதான கெடத்துவீக? கெடந்துட்டுப் போறேன். தையில மழ வராது,” என்றார் மாசானம்.

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் ஒச்சம்மாள். அவளுக்கு அப்படி விட்டுக்கொடுக்க மனமில்லை. இந்த வீட்டுக்குச் செங்கல் செங்கலாகத் தண்ணீர் ஊற்றியவள் அவள். இந்த மனுசனுக்கு மலையும் வேண்டும், வீடும் வேண்டும். இரண்டில் ஒன்றை எதற்கு விட வேண்டும்?

“அப்படின்னா ஒரு ஜீப்பாச்சும் பிடிச்சுத் தர்றேன். படுக்கப்போட்டுக் கொண்டுபோங்க.”

“ஜீப்புல போனா நான் லோடுப்பா,” என்றார் மாசானம். “இதுல போனாத்தான் ஆளு.”

ஒச்சம்மாள் மீதிச் சாமானை எடுத்து வந்தாள். பெரிய பானைக்குள் சின்னப் பானை, அதற்குள் அரிசி, அரிசிக்குள் புதைத்து முட்டை. கூடாரக் கம்புகள் கால் வைக்கும் இடத்தில் ஆரம்பித்து இரண்டு இருக்கைக்கும் நடுவே சாய்ந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முதுகுக்குப் பின்னாலிருந்த சந்தில் ஜமுக்காளமும் கம்பளியும். மடக்குக் கட்டில் இடது பக்கக் கதவோடு சேர்த்துக் கட்டியாயிற்று. ஸ்டவ்வுக்குத்தான் இடமில்லை. வழக்கமாக அது அவள் மடியில் வரும். இந்த முறை மாசானமே, “கொண்டா இங்க,” என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஏனென்றால் ஓட்டப்போவது அவள். முதல் தடவை அவருக்குப் பக்கவாதம் வந்து கை மட்டும் விழுந்தபோது, அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு “ரெண்டு”, “மூணு” என்று சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்து கியர் போட்டவள் அவள்தான். அடுத்த தடவை காலும் விழுந்தது. கிளட்ச் மிதிக்க வழியில்லை. அப்போதுதான் இருவருக்கும் ஒரே சமயத்தில் அந்த யோசனை வந்தது. இடத்தை மாற்றி உட்கார்ந்தால், அவருடைய நல்ல கை, அந்த வலது கை, சரியாகக் கியர் பக்கம் வரும். களத்தில் ஒரு மாதம் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். ஒரு தண்ணீர்த் தொட்டியும் இரண்டு முறமும் போயின. அப்புறம் வசத்துக்கு வந்துவிட்டது.

தங்கப்பாண்டி அண்ணனை ஸ்டவ்வோடு சேர்த்துத் தூக்கிக் காரில் உட்காரவைத்தார். “மெதுவாப் போங்க மதினி,” என்று மட்டும் சொன்னார்.

“ஒண்ணு,” என்றாள் ஒச்சம்மாள். மாசானத்தின் கை கியரைத் தள்ளியது. கார் களத்தை விட்டு இறங்கியது.

கடைத்தெருவில் தராசு பிடித்த கைகள் அப்படியே நின்றன. கண்டாங்கிச் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை கார் ஓட்டிப் போவதையும், பக்கத்தில் ஸ்டவ்வைப் பிள்ளைபோல் மடியில் வைத்தபடி அவள் புருஷன் ஒற்றைக் கையால் வணக்கம் போட்டுக்கொண்டு போவதையும் ஊர் வாய் பிளந்து பார்த்தது. முந்தல் தாண்டி மேடு ஏறியபோது வண்டி முனகியது. “ரெண்டு,” என்றாள். “ஒண்ணே போடுவோம், லோடு இருக்குல்ல,” என்றார் அவர். அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளாகச் சிரிக்காத சிரிப்பு.

குரங்கணியில் காப்பித் தோட்டம் பார்க்கும் சோலைமலை ஓடிவந்து கூடாரம் அடிக்க உதவினான். பொழுது சாய்வதற்குள் சோறும் முட்டைக் குழம்பும் ஆயிற்று. மாசானம் இரண்டு வாய்தான் சாப்பிட்டார். அதையும் ருசித்துச் சாப்பிட்டார். ஆற்றுச் சத்தத்தைக் கேட்டபடி கட்டிலில் சாய்ந்தவர், நெடுநாளாக வராத தூக்கத்தை ஒரே மூச்சாகத் தூங்கினார்.

விடிந்தபோது மலை முழுக்கப் பனி. கூடாரத் துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஒச்சம்மாள் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காப்பி போட்டு, அவரை நிமிர்த்திச் சாய்த்து, கையில் டம்ளரைக் கொடுத்தாள்.

“இந்த வாட்டி என்னத்த மறந்துட்டு வந்த?” என்று கேட்டார் மாசானம். ஒவ்வொரு தடவையும் உப்போ தீப்பெட்டியோ ஏதாவது ஒன்று விட்டுப்போய், போன இடத்தில் சண்டை நடப்பது வழக்கம்.

ஒச்சம்மாள் யோசித்துப் பார்த்தாள். “ஒண்ணும் மறக்கல,” என்றாள்.

“அடேயப்பா! செயிச்சுட்டியே!”

காப்பியை ஒரு மிடறு குடித்தார். எதிரே வெயில் ஏறிக்கொண்டிருந்த சரிவைப் பார்த்தார். அவள் திரும்பித் தனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு வந்தபோது, டம்ளர் மடியில் சாய்ந்து காப்பி வேட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் அந்த ‘நான் சொல்லல?’ பார்வை அப்படியே இருந்தது. ஒச்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆற்றுச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி, தனியாக, வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, தன் காப்பியைக் குடித்தாள். அவர் இருந்திருந்தால், ஆறவிட்டதற்குத் திட்டியிருப்பார்.

சோலைமலை வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். “ஆத்தா, எஸ்டேட் ஜீப்பு இப்பப் போடிக்குப் போகுது. அதுல படுக்கப்போட்டுக் கொண்டுபோயிருவோம். சாமான் கெடக்கட்டும், பெறகு பாத்துக்கிரலாம்.”

“ஜீப்பு போகட்டும். எங்க கொழுந்தனாருகிட்டச் சொல்லச் சொல்லு. தேவாரத்துல எம்மகளுக்கும் ஆள் விடச் சொல்லு,” என்றாள். “நான் கட்டிக்கிட்டு வர்றேன்.”

“இம்புட்டையுமா?”

“வந்தது பூராவும் போகணும்ல.”

கூடாரத்தைப் பிரித்தாள். நனைந்த துணி நேற்றைக்கு இருந்ததைவிட இரண்டு பங்கு கனத்தது. பானைக்குள் பானை, சந்துக்குள் கம்பளி, கதவில் கட்டில். மூட்டை ஸ்டெப்னி மேல் ஏற மறுத்தபோது அமுக்கவில்லை, காரை உலுக்கினாள். கடைசியில் சோலைமலையும் அவளுமாக மாசானத்தைத் தூக்கி அவருடைய இடத்தில் உட்காரவைத்து, மேல்துண்டால் தோளை இருக்கையோடு சேர்த்துக் கட்டினார்கள். ஸ்டவ்வை மடியில் வைத்து, அவர் கையை அதன்மேல் மடக்கி வைத்தாள்.

இறக்கம் முழுக்க வண்டி, நேற்று அவர் போட்டு நிறுத்திய முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு வந்தது. முந்தலில் ரோடு சமமானது. அவள் கிளட்சை மிதித்து, “ரெண்டு,” என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. கார் தன் போக்கில் கொஞ்ச தூரம் உருண்டது. இந்த ஒரு சொல்லுக்குப் பதில் வராது என்பதைச் சாவு நடந்த இடத்தில்கூட அவள் நினைக்கவில்லை. பிறகு ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்தாள். அதுவரை கியரையே தொடாத கை. பிடித்துத் தள்ளினாள். கரகரவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு விழுந்தது. “மூணு,” என்று அவளே சொல்லி அவளே போட்டாள். கார் பறந்தது.

வீட்டு வாசலில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, நடுவில் பெஞ்சும் போட்டுத் தங்கப்பாண்டி தயாராக நின்றார். வகையறா மொத்தமும் கூடியிருந்தது. தேவாரத்திலிருந்து மகள் ராமுத்தாயும் வந்துவிட்டிருந்தாள். காரைக் கண்டதும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு எழுந்தார்கள். ஆண்கள் நாலு பேர் பெஞ்சைப் பார்த்துக் கைகாட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

ஒச்சம்மாள் ஹாரனை அமுக்கினாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் கூட்டம் தன்னாலே விலகியது. ரெண்டாள் கார் சின்னக் கார். பெஞ்சுக்கும் பந்தல்காலுக்கும் நடுவே, ஒரு கம்பையும் உரசாமல் புகுந்து, களத்தைக் கடந்து, சரிவில் ஏறி, அகலக் கதவு வழியாகப் பட்டாசாலைக்குள் போய் நின்றது.

“மதினி! என்ன காரியம் பண்ணிட்டீக? வெளிய போன உசுர வாசப்படிக்குள்ள...” தங்கப்பாண்டி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“கூடாரத்துக்குப் போனவுக வீட்டுக்கு வந்திருக்காக,” என்றாள் ஒச்சம்மாள். எஞ்சினை நிறுத்தவில்லை. “வருசா வருசம் இப்படித்தான வருவாக? ஒங்க அண்ணன எறக்கித் தெருவுல கெடத்தணும்னா நீங்களே எறக்குங்க தம்பி. நான் தடுக்கல.”

வாசலில் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. யாரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. தங்கப்பாண்டி காரைச் சுற்றி நடந்தார். கட்டிலைப் பார்த்தார், கம்புகளைப் பார்த்தார், ஸ்டவ்வைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அண்ணனின் முகத்தைப் பார்த்தார்.

“இம்புட்டும் இதுலயா வந்துச்சு?”

“ஆளுஞ் சேத்து,” என்றாள் ஒச்சம்மாள்.

தங்கப்பாண்டி திரும்பி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏய், அந்தப் பெஞ்சத் தூக்கி உள்ள கொண்டாங்கடா! வெரசா!”

அப்போதுதான் அவள் எஞ்சினை நிறுத்தினாள். ராமுத்தாய் ஓடிவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். பட்டாசாலை முழுக்க அழுகை எழுந்தது. தங்கப்பாண்டி காரின் பின்பக்கம் போய், யாரையும் பார்க்காமல், கயிற்று முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, கூடாரம் ஈரமா இருக்கு,” என்றாள் ஒச்சம்மாள். “அப்படியே வச்சா பூசணம் பூத்துப்போகும். மொதல்ல வெயில்ல விரிங்க.”

களத்தில் நல்ல வெயில் அடித்தது. தங்கப்பாண்டியும் இன்னும் இரண்டு பேரும் மூலைக்கு ஒருவராகப் பிடித்து உதறி விரித்தார்கள். ஒரு மூலை பிடிக்க ஆள் இல்லாமல் மடிந்து கிடந்தது. ஒச்சம்மாள் காரிலிருந்து இறங்கிப் போய் அந்த மூலையை இழுத்துவிட்டு, மேலே ஒரு கல்லை எடுத்து வைத்தாள்.