இடுப்பில் நின்ற கம்பம்

ஜப்பானின் அக்கிதா நகரத்து விளக்குக் கம்பத் திருவிழாவில் வாளிக்காரர் தெருவுக்காகப் பதினெட்டு வருஷம் விளக்குக் கம்பத்தை உள்ளங்கையில் நிறுத்தியவன் கெங்கிச்சி. பன்னிரண்டு மீட்டர் மூங்கில், அதில் நாற்பத்தாறு காகித விளக்குகள், எல்லாமாக ஐம்பது கிலோ. போன இலையுதிர் காலத்தில் மரம் அறுக்கும் மில்லில் வலது கையின் மூன்று விரல்கள் போயின. இனி அவன் விளக்குக்குக் காகிதம் ஒட்டட்டும் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. அவனை ஒருவரும் கேட்கவில்லை.

பனி உருகியதும் குழுத் தலைவர் மொகாமியிடம் அவனே போய் நின்றான்.

"எனக்கு இடுப்பு குடுங்கண்ணே."

மொகாமி தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பைத்தியமாடா உனக்கு? உள்ளங்கை, நெத்தி, தோளெல்லாம் ஒரு கணக்கு. இடுப்புல நிறுத்துறது வேற கணக்கு. முப்பத்தொரு வருஷமா நம்ம தெரு அதுலதான் தோக்குது."

"இடுப்புல ஏத்திட்டா ரெண்டு கையும் சும்மாதானண்ணே இருக்கப்போகுது? விரலு எத்தனை இருந்தா என்ன?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவே சம்மதம்.

அதற்கு முன் குளிர்காலம் முழுக்க மில்லுக்குப் பின்னால் வெறும் மூங்கிலோடு அவன் மல்லுக்கட்டியது மனைவி யோஷினோவுக்கு மட்டும் தெரியும். கன்றிக் கறுத்த இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தவள் அவள்தான்.

ஆகஸ்ட் வந்தது. பகல் போட்டியில் விளக்கு ஏற்றுவதில்லை, திறமைதான் பேச்சு. தெருவுக்கு ஐந்து பேர், ஆளுக்கொரு வித்தை. கால் வட்டத்தைத் தாண்டக் கூடாது. போன வருஷம் ஜெயித்த தெருவின் தொகாஷி பக்கத்தில் வந்து நின்றான்.

"என்னப்பா, இடுப்பாட்டமா? நடுவருங்க தலையில சாச்சுடாத!"

"நீ மொதல்ல தொப்பைய உள்ள இழு. கம்பம் வைக்க எடம் வேணாமா?"

மத்தியானம் ஆற்றுப் பக்கமிருந்து காற்று எழுந்தது. தொகாஷியின் கம்பம் ஆடி, சரிந்து, பாதுகாப்புக் கயிற்றில் போய் விழுந்தது. அடுத்து வந்த இரண்டு தெருக்களுக்கும் அதே கதி.

வாளிக்காரர் தெருவில் நாலு பேர் தப்பித்தார்கள். ஐந்தாவது கெங்கிச்சி. இடது கையில் கம்பத்தை வாங்கி, இடுப்பெலும்பில் ஊன்றி, உடம்பைப் பக்கவாட்டில் வளைத்துக் கைகளை விரித்தான். வலது கையில் மிஞ்சிய இரண்டு விரல்களுக்கிடையே விசிறி விரிந்திருந்தது.

அப்போதுதான் பெருங்காற்று அடித்தது. மூங்கில் வில்லாய் வளைந்தது. மேளக்காரன் அடிக்க மறந்தான். புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்த யோஷினோ மட்டும் நிறுத்தவில்லை. கெங்கிச்சி காற்றோடு மோதவில்லை. கம்பம் போன பக்கம் இடுப்பைக் கொடுத்தான். ஒரு எட்டு, இன்னொரு எட்டு. குதிகால் வட்டத்தின் கோட்டைத் தொட்டது, தாண்டவில்லை. மூங்கில் மெல்ல நிமிர்ந்தது.

"தொக்கோய்ஷோ! தொக்கோய்ஷோ!" என்று கம்பம் தூக்குபவனுக்கு உற்சாகமூட்டும் கூவலைத் திடலே கத்தியது. எதிர்த் தெருக்காரர்களும் கத்தினார்கள்.

வாளிக்காரர் தெரு ஜெயித்தது என்று முடிவைச் சொன்னபோது மொகாமி வாய்விட்டு அழுதார். தொகாஷி வந்து குனிந்து வணங்கினான். "அடுத்த வருஷம் விடமாட்டேன்டா."

"வா. வரும்போது காத்தையும் கூட்டிட்டு வா."

அதற்குள் தெருவே அவனைத் தூக்கிவிட்டது. தலைகளுக்கு மேலே மிதந்தபடி கெங்கிச்சி அலறினான்:

"டேய், இடுப்ப விடுங்கடா! உயிரு போகுது!"

யோஷினோ சிரித்துக்கொண்டே குழலை மறுபடி உதட்டில் வைத்தாள்.