பெட்டிக்குள் சத்தமில்லை

கல்லூரி நாடக மன்றத்தில் புதிதாகச் சேர்ந்தவளை உடுப்புகள் வைக்கும் இரும்புப் பெட்டிக்குள் உட்கார வைத்துப் பூட்டினார்கள். கேட்டால், மன்ற மரபாம்! உள்ளிருந்து தட்டினால் நேரத்தை முதலிலிருந்து எண்ணி மறுபடியும் பூட்டுவார்கள். இவள் தட்டவேயில்லை.

"கல்லு மாதிரி இருக்கா பாரு. போன வருஷம் நீ இருந்த மாதிரியே," என்று தலைவி செயலாளரின் தோளை அணைத்தாள்.

அந்தப் பாராட்டில்தான் அவளுக்குச் செயலாளர் பதவியே கிடைத்திருந்தது. இன்று அவள் தலைவியின் கையை உதறினாள். சாவியைப் பிடுங்கிப் பெட்டியைத் திறந்தாள். புதியவள் வியர்வையில் நனைந்து, கண் செருகிக் கிடந்தாள். மூச்சு மட்டும் இருந்தது.

செயலாளர் ஆம்புலன்ஸை அழைத்தாள். அடுத்து ராகிங் புகார் எண்ணை.

"பைத்தியமா உனக்கு? மன்றத்தோட மானம் கப்பலேறிடும்டி!"

"ஏறட்டும். போன வருஷம் நான் ஏன் தட்டலைன்னு ஒருத்தியாவது கேட்டீங்களாடி? நானும் இப்படித்தான் மயங்கிக் கிடந்தேன்."