சம்பந்தியம்மாவின் பொம்மை வீடு

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான் என்பது சோபாக்காரருக்குத் தெரியாததல்ல. அதுவும் பெண் கொடுத்த வீடு. ஆனால் மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, வீடும் அதற்குக் கீழே இருந்த சோபாப் பட்டறையும் சேர்ந்தாற்போல் முழுகிப்போனால் மனிதன் எங்கேதான் போவான்? இரண்டு இடத்திலும் தரையைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அவர் தயங்கி நிற்பதைப் பார்த்த மகள், "ஓட்டல்ல போய்ப் படுத்து உடம்பக் கெடுத்துக்க வேணாம். பேசாம வாங்கப்பா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள்.

சம்பந்தி வீட்டில் மூன்றே பேர். மகள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா. இந்தச் சம்பந்தியம்மாவிடம் சோபாக்காரர் கல்யாணத்தன்று பேசியது மொத்தம் நாலு வார்த்தை இருக்கும். பல்செட்டு செய்யும் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் வாய் திறக்காதவர், அவ்வளவுதான் தெரியும். கொஞ்சம் தலைக்கனம் போல என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்து வைத்திருந்தார்.

முதல் நாள் சாப்பாட்டுக்கே அவருக்கு மனத்தாங்கல். எல்லோரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் வேறொரு வீடு குடியிருந்தது. முன்பக்கச் சுவர் இல்லாத மாடி வீடு. கீழே ஹாலும் சமையலறையும், மேலே படுக்கையறையும் குளியலறையும்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு சொல்வாங்கல்ல மாமா" என்றான் மாப்பிள்ளை. "அம்மா கல்யாணத்தைப் பண்ணிப் பாத்துட்டாங்க. இப்ப வீடு."

பெரிய சாலையில் இருக்கும் பொம்மைக்கடைக்கு அது. வருஷக் கடைசி விடுமுறைக்குக் கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் வைக்கப் போகிறார்களாம். உள்ளே விடுமுறை அலங்காரமும் இருக்க வேண்டுமாம். சோபாக்காரர் "ஓகோ" என்றதோடு நிறுத்திக்கொண்டார். பொழுது போகாதவர்கள் வேலை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டார்கள். சம்பந்தியம்மா பால்கனியில் எதையோ காய வைத்துக்கொண்டிருந்தார். சோபாக்காரர் தேநீர்க் கோப்பையோடு மேசைப் பக்கம் வந்து, சும்மா ஒரு பார்வை பார்ப்போம் என்று குனிந்தார். சமையலறை மேசையில் வட்டமாக ஒரு தேநீர்க் கறை. போச்சுடா, நம் கோப்பையிலிருந்துதான் சொட்டிவிட்டது என்று பதறி, கைக்குட்டை நுனியை எச்சில் தொட்டு மெல்லத் துடைத்தார். போகவில்லை. கொஞ்சம் அழுத்தித் துடைத்தார்.

"அது போகாது சம்பந்தி" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "மேல வார்னிஷ் அடிச்சிருக்கேன்."

அவருக்குக் காது வரை சூடேறியது. சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம் என்பது தெரிந்தது. இழுப்பறையைத் திறந்து, பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் நீளக் கைப்பிடிக் கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டினார். "இதை வெச்சுப் பாருங்க. மூலை முடுக்கெல்லாம் தெரியும்."

அதற்குப் பிறகு தேநீர் ஆறி ஆடை கட்டியதை அவர் கவனிக்கவில்லை. ஐஸ் குச்சிகளைச் சீவித் தேயிலைச் சாற்றில் ஊற வைத்து இழைத்த மரத்தரை, வாசற்பக்கம் மட்டும் கால் பட்டுத் தேய்ந்திருந்தது. மின்சுவிட்சைச் சுற்றிச் சுவரில் விரல் அழுக்கு. பல் தேய்க்கும் பிரஷ்ஷின் முடியில் கட்டிய துடைப்பம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, வளைந்து போயிருந்தது. மாத்திரை அட்டைத் தகட்டில் தட்டிய டம்ளர்களில் ஒன்றுக்கு விளிம்பு நசுங்கியிருந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் கண்ணாடியைத் திருப்பினால், அங்கே ஈரத்துண்டு ஒன்று தொங்கியது. முன்னால் நின்று எப்படிப் பார்த்தாலும் அது யார் கண்ணுக்கும் படாது.

"இதை யார் பாக்கப்போறாங்க சம்பந்தியம்மா? எதுக்கு மெனக்கெட்டு?"

"பல்லுக்கும் உள்பக்கம்னு ஒண்ணு இருக்கே சம்பந்தி. யாரும் பாக்கமாட்டாங்க. ஆனா நாக்குக்குத் தெரியும்."

சோபாக்காரர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். தலைக்கனம் என்று தான் எடுத்த முடிவு அப்போதே லேசாக ஆட்டம் கண்டுவிட்டது.

ஹால் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. சோபா இல்லை. துணி தைப்பதற்கும் தனக்கும் எப்போதும் ஒத்துப்போனதில்லை என்றார் சம்பந்தியம்மா. "அட, அதை எங்கிட்ட விடுங்க" என்று சோபாக்காரர் மார்தட்டாத குறையாகச் சொன்னார். ஊரில் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பது அவர் தைத்த சோபாவில். உள்ளங்கை அகலத்தில் ஒன்று செய்வது பிரமாதமா?

செய்தார். ரெக்சினை வெட்டி, ஸ்பாஞ்சைச் சீவி, ஓரத்தில் நூல் வைத்துச் சுருட்டிப் பைப்பிங் கொடுத்து, நூல் பிடித்தாற்போல் நேராகத் தைத்தார். மாலையில் எல்லோரும் கூடியிருக்கும்போது கொண்டுவந்து ஹாலில் வைத்தார். வைத்த நொடியில் அவருக்கே விளங்கிவிட்டது. அதுவரை வீடாக இருந்தது பொம்மையாகிவிட்டது. ரெக்சின் அங்கே சாக்கைவிடத் தடியாகத் தெரிந்தது. சோபா ஊறி வீங்கிய பிஸ்கட் போல உட்கார்ந்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்கப்பா" என்றாள் மகள். "பிளாஸ்டிக் கவரை இப்பத்தான் பிரிச்ச மாதிரி இருக்கு."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு கரண்டி குறைத்துச் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

காலையில் சம்பந்தியம்மா ஒரு தகர டப்பாவைத் திறந்து அவர் முன் வைத்தார். உள்ளே வரிசை வரிசையாகப் பற்கள். "இதுல நிஜப் பல்லு மாதிரி எது இருக்கு, சொல்லுங்க."

அவர் கொஞ்சம் மஞ்சளோடி, நுனி தேய்ந்து, குறுக்கே மயிரிழைக் கோடு ஓடிய ஒன்றைக் காட்டினார்.

"அதேதான். பளீர்னு வெள்ளையாக் கட்டிக் குடுத்தா, வாயைத் திறந்ததுமே பொய்னு தெரிஞ்சிடும். நீங்க புது சோபாவ நெனச்சுக்கிட்டுத் தைச்சிட்டீங்க. உங்ககிட்ட ரிப்பேருக்கு வருமே, அதை நெனச்சுக்குங்க."

ரிப்பேருக்கு வருவதா? அதைப் பற்றி அவரை நாள் முழுக்கப் பேசச் சொல்லலாம். சோபாவைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிடுவார். டிவிக்கு நேர் எதிரே இருக்கும் இடம் பள்ளமாகும். கை வைக்கும் மேடையின் நுனி கறுத்துப்போகும். பிள்ளைகள் காலை ஆட்டி ஆட்டிக் கீழ்த்தையல் விட்டுப்போகும். விருந்தாளி உட்காரும் ஓரம் மட்டும் சாயம் போகாமல் இருக்கும். அவர் சொல்லச் சொல்ல, சம்பந்தியம்மா பிளாஸ்டர் கட்டியில் சிறு கத்தியால் அந்தப் பள்ளத்தைச் செதுக்கினார். "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். ஆள் கொஞ்சம் சாஞ்சு உக்கார்றவர்" என்றார் சோபாக்காரர். தம்முடைய பழைய கைக்குட்டையைத் தேயிலைச் சாற்றில் நனைத்துப் பழுப்பேற்றி, மெல்லிய பசை தடவி, பள்ளத்தோடு பள்ளமாக இழுத்து ஒட்டினார். கறுத்த நுனிக்குப் பென்சில் தூள்.

அது ஹாலுக்குள் போனபோது இருவரும் குனிந்து பார்த்தார்கள். இதோ ஒருவர் எழுந்து உள்ளே போயிருக்கிறார், திரும்பி வந்துவிடுவார் போல இருந்தது.

அதன் பின் அலங்கார வேலை. இதில் சோபாக்காரருக்கு விளக்கைப் பிடிக்கும் உத்தியோகம்தான். புதுச் செருப்புப் பெட்டிக்குள் சுற்றி வரும் மெல்லிய காகிதத்துக்குச் சாயம் ஏற்றி, நூல் அகலத்துக்குக் கீறி, இடுக்கி நுனியில் ஒவ்வொன்றாக வளைத்து வளையமாக்கி, வளையத்துக்குள் வளையம் கோத்து சம்பந்தியம்மா தோரணம் செய்தார். மூச்சை வேகமாக விட்டால் பறந்துவிடும். தும்மல் வந்தால் பால்கனிக்கு ஓட வேண்டும் என்பது வீட்டுச் சட்டமாயிற்று. பொன்வண்ணம் பூசிய கடுகுகளை மாலையாகக் கோத்தபோது மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுங்கறது எங்கம்மாவப் பாத்துச் சொன்னதுதான் மாமா" என்றான். பரிசுப் பெட்டிகள் சுண்டுவிரல் நகத்துக்கும் சிறியவை. ஒவ்வொன்றும் காகிதம் சுற்றி, நாடா கட்டி இருந்தது. ஒன்றில் மட்டும் ஓரம் கிழிந்திருந்தது. யாரோ பொறுமையில்லாமல் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் ஹாலில் தோரணம் ஒரு பக்கம்தான் மாட்டியிருந்தது. மறுமுனை தரையில் சரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் கீழே கழற்றிப்போட்ட செருப்பு, அதில் ஒன்று குப்புற. திறந்த அட்டைப்பெட்டிக்குள் சிக்கலாகிப்போன விளக்குச் சரம்.

"எப்ப முடிப்பீங்க?" என்று கேட்டார் சோபாக்காரர்.

"முடிஞ்சிடுச்சே" என்றார் சம்பந்தியம்மா. "ஏறி மாட்டிக்கிட்டு இருக்கும்போது வாசல்ல யாரோ கூப்பிட்டிருக்காங்க. இறங்கிப் போயிருக்கா."

அந்த வீட்டில் பொம்மை மனிதர்கள் யாருமே கிடையாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை நாளாக அவர் அதைக் குறையாக உணரவே இல்லை.

பொம்மைக்கடைக்காரர் பார்க்க வந்தார். நல்ல பருமன், நல்ல குரல், காதோடு ஒட்டிய போன். மாடி அறைகளைப் பார்த்து "அபாரம்மா" என்றவர், ஹாலுக்கு வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இது என்ன, பாதியில நிக்குது? விழுந்தது விழுந்தபடி கெடக்கு. இதைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள்ள வெச்சா என்னைத்தான் கேலி பண்ணுவாங்க. முழுசா முடிச்சு, கொஞ்சம் மினுமினுப்பும் தூவிடுங்க. பாத்தாக் கண்ணைப் பறிக்கணும்."

சோபாக்காரருக்கு வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எழுந்தும்விட்டார். சம்பந்தியம்மா கண்ணாலேயே அவரை உட்கார வைத்தார். பிறகு இடுக்கியை எடுத்தார். தோரணத்தின் மறுமுனையை ஏற்றி மாட்டினார். ஸ்டூலை மேசைக்கு அடியில் தள்ளினார். செருப்பைச் சுவரோரம் ஜோடியாக வைத்தார். அட்டைப்பெட்டியை வெளியே எடுத்துவிட்டு, விளக்குச் சரத்தைச் சிக்கெடுத்து ஜன்னலைச் சுற்றினார். ஒதுங்கி நின்று, "பாருங்க" என்றார்.

கடைக்காரர் குனிந்தார். போன் அடித்தது, எடுக்கவில்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், இந்தப் பக்கம் வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். குரலில் சுருதி இறங்கியிருந்தது. "ஆனா, முன்னாடி உள்ள யாரோ இருந்தாங்க. இப்ப வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்ட மாதிரி இருக்கும்மா."

"பழையபடி வெக்கட்டுமா?"

"வைங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"வெக்கலாம். கொஞ்சம் நேரமாகும். மாட்டறது சுலபம். விழுந்த மாதிரி வெக்கறதுதான் கஷ்டம்."

அது எவ்வளவு கஷ்டம் என்பதை விளக்குப் பிடித்துக்கொண்டு நின்ற சோபாக்காரர் கண்ணாரக் கண்டார். அத்தனை மெல்லிய காகிதம் தானாகச் சரிந்து விழாது. விறைத்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு வளையத்தையும் நுனித் தூரிகையால் ஈரம் தொட்டு, கனம் இருப்பது போல் தழைய வைக்க வேண்டும். ஒரு வளையம் சரியாகச் சாயவில்லை என்று சம்பந்தியம்மா முழுவதையும் எடுத்து மறுபடி ஆரம்பித்தார். கடைக்காரர் போனை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசி வளையம் தரை தொடும் வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். மினுமினுப்பு என்ற பேச்சையே அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

அவர் போன பிறகு சோபாக்காரர் கேட்டார். "ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையே நீங்க. நானா இருந்தா உண்டு இல்லன்னு பண்ணியிருப்பேன்."

"பல்லு கட்டிக்க வர்றவங்க யாரும் சொன்னாக் கேக்கமாட்டாங்க சம்பந்தி. மாட்டிவிட்டுக் கண்ணாடியைக் காட்டணும்."

வீடு கடைக்குப் போயிற்று. முதல் நாள் மாலையே சோபாக்காரர் பெரிய சாலைக்குப் போய், யாரோ மாதிரி கூட்டத்தோடு நின்றார். அவசரமாகப் போகிறவர்கள்கூட இரண்டு எட்டு வைத்துத் திரும்பி வந்தார்கள். ஒரு கணவனும் மனைவியும் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றார்கள். "அந்த ஸ்டூலைப் பாருங்க" என்றாள் மனைவி. "ஏறினவங்களுக்கு எடுத்து வெக்கத் தெரியல. நிச்சயம் உங்களாட்டம் ஒருத்தர்தான்." "சோபாவப் பள்ளம் பண்ணி வெச்சிருக்கறது மட்டும் உங்கப்பா" என்றான் கணவன். சோபாக்காரர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார். அந்தச் சோபா என் வேலைதான் என்று சொல்லலாமா என்று ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. அதைவிடப் பெரிதாக, கட்டினது எங்கள் சம்பந்தியம்மா என்று சாலையில் போகிறவர் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, கேட்டதையெல்லாம் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

சம்பந்தியம்மா ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டார். கடைசியில், "சமையலறைத் தொட்டிக்குள்ள ஒரு பாத்திரம் வெச்சேனே. அதைப் பத்தி யாராச்சும் சொன்னாங்களா?" என்றார்.

"இல்லையே" என்றார் அவர். அவரே அதைப் பார்த்திருக்கவில்லை.

"பரவால்ல" என்று சம்பந்தியம்மா எழுந்து போனார்.

அந்தப் "பரவால்ல" சோபாக்காரரைச் சும்மா விடவில்லை. மறுநாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். கடைக்காரர் உள்ளேயிருந்து கையாட்டும் அளவுக்குப் பழகிவிட்டார். பிறகு ஒரு சாயங்காலம், காய்கறிப் பையோடு வந்த இரண்டு பெண்களில் ஒருத்தி நன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"இங்க பாருடி. தொட்டியில ஊறப் போட்டிருக்கா."

"எதை?"

"அடிப்பிடிச்ச பாத்திரத்தை. தேய்க்க முடியாம தண்ணி ஊத்தி வெச்சிட்டுத் தோரணம் கட்ட வந்துட்டா, மகராசி."

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். சோபாக்காரர் அதற்கு மேல் நிற்கவில்லை. பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் விறுவிறுவென்று நடந்தே வந்தார். படியேறியதில் மூச்சு வாங்கியது.

"சம்பந்தியம்மா, பாத்துட்டாங்க."

"எதை?"

"பாத்திரத்தை."

சம்பந்தியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். "வெறும் பாத்திரம்னா? இல்ல, அடிப்பிடிச்சதுன்னே தெரிஞ்சுதா?"

"அடிப்பிடிச்சதுன்னே சொன்னாங்க. தண்ணி ஊத்தி ஊறப் போட்டிருக்குன்னும் சொன்னாங்க."

சம்பந்தியம்மா மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். எதிரே இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, அவரையும் உட்காரச் சொல்லிக் கைகாட்டினார்.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். "எந்தப் பக்கம் நின்னு பாத்தாங்க?"