கமாலுதீனின் கெண்டைக்கால்

எட்டு வயதுப் பிள்ளையின் தொடையில் பிரம்புத் தடிப்புகள் சிவந்து கிடந்தன. உம்மா ஹாஜரா எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள், குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் எதற்கு அடித்தார் என்று.

"தொழுகையைக் கேலி பண்றேனாம் உம்மா," என்றான் கமாலுதீன்.

கேலியாம். நெற்றி தரையில் பட வணங்கிவிட்டு மற்றப் பிள்ளைகள் துள்ளி எழுவார்கள். இவன் முதலில் இடுப்பைத் தூக்குவான். பிறகு கைகளை முழங்காலில் ஊன்றி, தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல் நிமிர்வான். பின்வரிசை சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து இவனுக்குத்தான் அடி.

ஹஜ்ரத்தை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? பினாங்கில் அவனைப் பார்த்தவர்கள் எல்லாம் அந்தக் கெண்டைக்காலைத்தான் பார்த்தார்கள். பருத்துத் திரண்ட கால். "பயில்வான் காலு, எந்திரிக்க மட்டும் மாலாஸ் லா," என்று பெற்ற வாப்பா முகம்மது சுல்தானே சோம்பேறிப் பட்டம் கட்டினார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற மனிதர். சதை இருந்தால் பலம் இருக்கும் என்று நம்புகிறவர்.

ஹாஜராவுக்கு அந்தக் கால் புதிதல்ல. அவள் தம்பி ஹனீபாவுக்கும் இதே கால், அவன் எழுந்த விதமும் இதே மாதிரி. பதினாறு வயதில் அவனை அடக்கம் செய்தார்கள். தாய்மாமன் ஒருவரும் சிறுவயதில் அப்படித்தான் போனாராம். அவளைக் கட்டிக்கொடுத்தபோது வீட்டில் யாரும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை, அவளையும் திறக்க விடவில்லை. மகன் தடுக்கி விழத் தொடங்கியதிலிருந்து அவளும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தாள். பிள்ளைக்கு மட்டும் இது தெரியவே கூடாது என்பதுதான் அவள் வேண்டுதல்.

மறுநாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மகனை இடுப்பில் சுமந்து, சந்துக்குள் மாடியில் இருந்த ஓதும் பள்ளிக்கு ஏறினாள். ஓதிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஷேக் அலாவுதீன் ஹஜ்ரத் நிமிர்ந்து பார்த்தார்.

"பொம்பளைங்க இங்க வரக்கூடாதும்மா."

"பாடம் கேக்க வந்தேன் ஹஜ்ரத்து. நிக்க முடியாதவங்க எப்படித் தொழணும்?"

பாடம் என்றதும் அவருக்குக் குரல் தானாக வந்தது. "நின்னு தொழணும். முடியலைன்னா உக்காந்து. அதுவும் முடியலைன்னா ஒருக்களிச்சுப் படுத்து. அதுக்கும் முடியலைன்னா கண் சாடையால."

போன வாரம்தான் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்த வாய் ஓய்வதற்குள், முடியாத பிள்ளையைப் போட்டு அடித்திருக்கிறார்.

"இவனுக்கு என்ன முடியாமை? காலைப் பாருங்க," என்றார்.

ஹாஜரா மகனை இடுப்பில் இன்னும் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"என் தம்பிக்கும் எல்லாரும் காலைத்தான் பாத்தாங்க. பத்து வயசுல உக்காந்து தொழுதான். பதிமூணுல ஒருக்களிச்சுப் படுத்து. கடைசி ரமலான்ல கண்ணு மட்டும்தான் அசைஞ்சுச்சு. நீங்க சொன்ன நாலையும் வரிசையாப் பாத்துட்டுத்தான் போனான் ஹஜ்ரத்து. என் புள்ள இப்ப அந்த நாலுல மொதப் படியில நிக்கிறான். அதையும் அடிச்சுப் புடுங்காதீங்க."

பின்வரிசை சிரிக்கவில்லை. ஹஜ்ரத் பிரம்பைப் பாய்க்கு அடியில் தள்ளினார். "இனிமே உக்காந்தே தொழட்டும்," என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. தப்புதான் என்று ஒரு வார்த்தை வரவில்லை அந்த வாயிலிருந்து.

அன்று அவனை அங்கே விட அவளுக்கு மனம் இல்லை. காரியம் முடிந்த நிம்மதியில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் கமாலுதீன் அவள் கழுத்தை இறுக்கிக்கொண்டான்.

"உம்மா, எனக்குப் பதிமூணு வர்றதுக்கு இன்னும் அஞ்சு வருசம் இருக்குல்ல?"

ஹாஜரா அப்படியே நின்றாள். ஒரு பிரம்பைக் கீழே வைக்கச் செய்வதற்கு, பெற்றவள் தன் பிள்ளையின் காதுபட இதையெல்லாம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அடித்ததைக்கூட ஒருநாள் மறந்தாள். இதற்காக அவள் ஹஜ்ரத்தைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.