துளை போட்ட மூடி

பயணத்தின் மூன்றாம் நாளான சனிக்கிழமை காலை, வால்டிட்சே தேவாலயத்தில் ஏழு மணி அடித்தபோது, ஸ்லாவ்கா ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே மெல்லிய இரைச்சல். மிதமான சூட்டில் எண்ணெய் பொரிவது போல. பூர்ச்சாக் அப்படித்தான் பேசும். பிழிந்த திராட்சைச் சாறு ஒயினாகும் வழியில் பாதி தூரம் வந்து நிற்கும் நிலை அது. கலங்கலாக, இனிப்பாக, நாக்கைக் கிள்ளும் நுரையோடு. ஒரு நாள் முந்தினால் வெறும் சாறு. ஒரு நாள் பிந்தினால் புளிப்பு. அடைத்து வைக்க முடியாது. மூச்சு விட வழி வேண்டும். அதற்காக மூடியில் காய்ச்சிய ஆணியால் துளை போட்டிருந்தாள்.

“என்ன சொல்லுது?” என்றாள் ரெனாத்தா, சைக்கிளில் பையைக் கட்டியபடி.

“மத்தியானத்துக்கு ரெடிங்குது.”

“நேத்தும் இதையேதான் சொன்னே.”

“நேத்து, நாளைக்கு மத்தியானம்னு சொன்னேன். அந்த நாளைக்குதான் இன்னைக்கு.”

ரெனாத்தா, லுதேக், ஸ்லாவ்கா மூவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளிகள். ஒவ்வொரு செப்டம்பரிலும் மூன்று நாள் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளில் சுற்றுவார்கள். நான்காவது ஆள் போர்ஷெக். இரண்டு சட்டங்களைப் போட்டவன் அவன். சைக்கிளைப் பூட்டிய பிறகுதான் குடி. பயணம் முடியும்வரை யாரும் காரில் ஏறக் கூடாது. ஏறினவன் கூட்டத்தில் சேர்த்தியில்லை. மிகுலோவில் ஒயின் கடை திறந்த பிறகு அவன் வருவதை நிறுத்திவிட்டான். சட்டங்கள் மட்டும் தொடர்ந்து வந்தன.

அவன் இடத்தில் இந்த வருடம் ஹினெக். ரெனாத்தாவின் புதுக் காதலன், ப்ராக்காரன், பீர் குடித்து வளர்ந்தவன். முதல் நாள் மேட்டில் மூச்சு வாங்க நின்று, இங்கே டாக்ஸி கிடைக்குமா என்று கேட்டான். அன்றிலிருந்து அவன் பெயர் டாக்ஸி.

ஸ்லாவ்கா பிர்னோவில் வங்கி வேலையை விட்டுவிட்டு பீலோவிட்சேயில் ஒரு சரிவைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். முதல் வருடம் பனி கருக்கிவிட்டது. இது இரண்டாவது. ஒரே ஒரு பீப்பாய் மஸ்கட் திராட்சைச் சாறு தேறியது.

போர்ஷெக்கின் கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அறுவடைத் திருவிழாவின்போது அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுடையதைத்தான் ஊர் குடிக்கும். சுற்றுவட்டாரத்து ஒயின்காரர்கள் எல்லாரும் பாட்டிலோடு அவனிடம் போவார்கள். அவன் யாருடைய நிலவறைக்கும் போவதில்லை.

“என் நாக்குல படாத பேரை எழுத மாட்டேன்” என்று அவளிடமும் சொல்லியிருந்தான்.

“சனிக்கிழமை மத்தியானம் கொண்டுவர்றேன். சைக்கிள்ல.”

“மூணு நாள் வெயில்ல குலுங்கி வந்தா வினிகர்தான் வரும்.”

“எப்போ பிழியணும்னு எனக்குத் தெரியும்.”

கிளம்புவதற்கு முந்தின நாள் பிழிந்தாள். பலகையில் பெயர் ஏறினால் சனிக்கிழமை இரவுத் திருவிழாவிலேயே பீப்பாய் காலியாகும், சரிவு அவளிடம் இருக்கும். ஏறாவிட்டால் சாறு கூட்டுறவுத் தொட்டியில் பெயரில்லாமல் கலக்கும். சரிவை வேறொருவருக்குக் கொடுக்க நிலக்காரர் இப்போதே ஆள் பார்த்து வைத்திருந்தார்.

அவளுக்குச் சந்தேகம் இல்லை. காலையில் கேட்ட சத்தம் சரியாக இருந்தது.

வால்டிட்சே தாண்டியதும் வெயில் ஏறியது. துளை வழியே நுரை கசிந்து, சைக்கிளின் பின்னால் கட்டிய அவள் பை பிசுபிசுத்தது. முதலில் ஒரு குளவி வந்தது. பிறகு அதன் சொந்தபந்தம் எல்லாம் வந்தது.

“வழி விடுங்கப்பா” என்று பின்னாலிருந்து கத்தினான் லுதேக். “ராணியம்மா படையோட வர்றாங்க!”

“உன் வியர்வைக்கு ஒண்ணுகூட வரலை பாத்தியா? அதுங்களுக்கும் ருசி தெரியுது” என்றாள் ஸ்லாவ்கா.

ஒரு கிராமத்தில் நின்றார்கள். ஸ்லாவ்காவும் ரெனாத்தாவும் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனார்கள். லுதேக் புல்லில் மல்லாந்தான். திரும்பி வந்தபோது பையைச் சுற்றி ஒரு குளவியையும் காணோம். ஹினெக் தன் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து நசுக்கிக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு திருப்தி.

“உன் படை கலைஞ்சிருச்சு” என்றான்.

“நல்லதாப் போச்சு” என்றாள் ஸ்லாவ்கா. ஏறி மிதித்தாள்.

அடுத்த ஊருக்குள் இறங்கும் பாதை கல் பாவியது. சைக்கிள் தடதடவென்று ஆடியது. தூரத்தில் மிகுலோவின் கோட்டை தெரிந்தது. போர்ஷெக்கிடம் முதல் வார்த்தையாக என்ன சொல்லலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

வெடித்தது.

“டயர்! டயர்!” என்றான் லுதேக்.

பிரேக்கை அழுத்தி நின்றாள். முன்சக்கரத்தைத் தொட்டாள். கல் மாதிரி இருந்தது. பின்சக்கரமும். அப்போதுதான் கழுத்திலிருந்து முதுகுக்குள் ஏதோ ஈரமாக இறங்குவது தெரிந்தது. விரலால் தொட்டு நக்கினாள்.

இனிப்பு. கிள்ளல். மிகச் சரியான பதம்.

பாட்டில் நீளவாக்கில் பிளந்திருந்தது. மூடி மட்டும் அசையாமல் இறுக்கமாக இருந்தது. நீல மூடி.

“என்னோடது வெள்ளை” என்றாள்.

ஹினெக் வகுப்பில் பையன் கையைத் தூக்குவது போலத் தூக்கினான்.

“குளவிங்க உன்னைக் கொட்டிருமோன்னு... உன் மூடியில ஓட்டை இருந்துச்சு. அதான் என் தண்ணி பாட்டிலோட நல்ல மூடியைப் போட்டேன்.”

“நல்ல மூடியா?” ரெனாத்தாவின் குரல் கீச்சிட்டது. “டேய் ப்ராக்காரா, பூர்ச்சாக்கை மூடுவாங்களாடா? எங்க ஊர்ல தொட்டில்ல கிடக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும்டா அது!”

“என்கிட்ட யாரும் சொல்லலையே.”

“மூச்சு விடுன்னு உனக்கு யார் சொன்னது?”

லுதேக் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான். ஸ்லாவ்கா ஹினெக்கைப் பார்த்தாள். அவன் கீழுதடு குளவி கொட்டி வீங்கியிருந்தது. அதைப் பற்றி அவன் மூச்சே விட்டிருக்கவில்லை.

“பழைய மூடி எங்க?”

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

இறக்கம் முடிந்த இடத்தில் ஒரு பெண் குடைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். மேசை நிறைய பாட்டில்கள். எல்லாவற்றிலும் துளை போட்ட மூடி.

லுதேக் குரலைத் தாழ்த்தினான். “இதுல ஒரு பாட்டில் வாங்கிக்கோ. பலகையில பேர் ஏறட்டும். ராத்திரி உன் பீப்பாயைக் கொண்டு வந்து இறக்கு. யாருக்குத் தெரியப் போகுது?”

“அவன் கண்டுபிடிச்சுருவான்” என்றாள் ரெனாத்தா.

“எப்படி? இவளோடதை அவன் குடிச்சதே இல்லையே.”

அது உண்மைதான். மேசைக்காரப் பெண் ஒரு சின்ன கிளாஸை நீட்டினாள். ஸ்லாவ்கா ஒரு வாய் எடுத்து, சுழற்றி, சட்டப்படி விழுங்காமல் புல்லில் துப்பினாள்.

“நல்லா இருக்கு” என்றாள்.

“மஸ்கட்மா. நேத்துதான் பதத்துக்கு வந்துச்சு.”

“தெரியுது. யார் போட்டது?”

“என் வீட்டுக்காரர்.”

“நல்லாப் போட்டிருக்கார்னு சொல்லுங்க.”

கிளாஸை மேசையில் வைத்துவிட்டு சைக்கிளில் ஏறினாள்.

“என்னடி, வாங்கலையா?” என்றாள் ரெனாத்தா.

“அது அவரோடது.”

மிச்ச தூரம் அவள்தான் முன்னால் போனாள். வேகம் குறையவில்லை. பாட்டில் வெயிலில் வந்தது, பீப்பாய் நிலவறைக் குளிரில் இருக்கிறது என்று யோசித்தாள். ஒரே சாறு. ஆனால் ஒரே நேரம் இல்லை. அடுத்த மேட்டை நின்று மிதித்தே ஏறினாள்.

போர்ஷெக் கடை வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தான். வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. பின்னால் கரும்பலகை. வரிசையாகப் பெயர்கள். கடைசியில் ஒரு வரி காலியாக இருந்தது.

“சொன்ன நேரத்துக்கு வந்துட்டியே” என்றான். “பாட்டில் எங்க?”

துளை போட்ட மூடியை அவன் முன்னால் வைத்தாள். நடந்ததை ரெனாத்தா சொன்னாள். ஹினெக் தலையைக் குனிந்துகொண்டான். போர்ஷெக் வயிறு குலுங்கச் சிரித்தான். காபி சிந்தியது.

“சரி விடு, அடுத்த வருஷம் பாப்போம்.”

“அடுத்த வருஷம் சரிவு என்கிட்ட இருக்காது.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஆறுதலாக அவள் தோளைத் தட்டினான். தட்டிய கை அங்கேயே நின்றது. குனிந்து அவள் சட்டையை முகர்ந்தான். இன்னொரு தடவை முகர்ந்தான். சிரிப்பு போய்விட்டது.

“மஸ்கட்டா?”

“ஆமா.”

“எப்போ பிழிஞ்சே?”

“புதன்கிழமை. பாட்டில் வெயில்ல ஓடி வந்துச்சு. பீப்பாய் நிலவறையில மெதுவா நடந்து வருது. சாயங்காலம் வந்து சேர்ந்துரும். நாளைக்குன்னா புளிச்சுப்போயிரும்.”

“நான் யார் நிலவறைக்கும் போறதில்லை. உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

போர்ஷெக் பலகையைப் பார்த்தான். அவள் சட்டையைப் பார்த்தான்.

“சரி, உன் நிலவறைக்கு அரை மணி நேரம். கார் சாவியை எடுத்துட்டு வர்றேன்.”

“காரா?” என்றாள் ரெனாத்தா.

“அந்தச் சட்டத்தைப் போட்டது யாருப்பா?” லுதேக் சுற்றும் முற்றும் பார்த்தான். “யாரோ பெரிய மனுஷன்னு கேள்வி.”

“நான் முதல் நாள் டாக்ஸி இருக்கான்னு கேட்டதுதான்” என்றான் ஹினெக், வீங்கிய உதட்டோடு. “இன்னும் அதான் என் பேரு.”

கடைக்குள் சுவரில் போர்ஷெக்கின் பச்சை சைக்கிள் தொங்கியது. கம்பிகளில் காய்ந்த திராட்சைக்கொடி சுற்றியிருந்தது. வருகிறவர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஸ்லாவ்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கொடியைப் பிய்த்து எறிந்தாள். கட்டைவிரலால் சக்கரங்களை அமுக்கிப் பார்த்தாள்.

“ரெண்டும் சப்பை. காத்தை டாக்ஸி அடிச்சுத் தருவான்” என்றாள். “சைக்கிளை நீ இறக்குறியா, நான் இறக்கட்டுமா?”