களத்தின் வடக்கு ஓரம்

குரங்கணிக்கு மேலே, ஜீப்புப் பாதை முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்கும் சரிவில் அன்னக்கொடியின் வீடு இருந்தது. அந்த வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. பொருள் இடம் மாறினால், மாற்றியவர் யாராயினும் அவளுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டிற்குள் சென்ற தை மாதம் ஒரு புதிய பொருள் வந்து சேர்ந்தது. மூச்சுத் திணறலோடு தேனி மருத்துவமனையில் கிடந்து மீண்ட அவள் கணவர் கன்னையனுக்கு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்றை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஏலக்காய் உலர்த்தும் அறையின் விறகுப் புகையைப் பல்லாண்டுகள் குடித்த நெஞ்சு அவருடையது. இரவு முழுவதும், பகலில் அவர் படுக்கும் நேரத்திலும், அந்த இயந்திரம் ஓட வேண்டும்.

ஓடுவதற்கு மின்சாரம் வேண்டும். மலையிலோ, ஒரு கிளை முறிந்து கம்பியின்மேல் விழுந்தால் போதும். பழுது பார்க்க ஆள் ஏறி வருவதற்குள் ஒரு நாள் கழிந்துவிடும், சில வேளை இரண்டும் கழியும். அவசரத்துக்கென்று மூலையில் ஒரு சிறு ஆக்சிஜன் உருளை இருந்தது. அதை நம்பி ஓர் இரவைக் கூடத் தள்ள முடியாது. ஜெனரேட்டர் வாங்கலாம் என்றால் அதுவும் புகை கக்கும்.

போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் வேலை பார்க்கும் மகன் அழகுராஜா, கீழே ஒரு வாடகை வீடு பார்த்து வைத்தான். கார்த்திகை மழைக்குள் மின்சாரத்துக்கு ஒரு வழி பிறக்காவிட்டால் பெற்றோர் இருவரும் இறங்கி வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கன்னையன் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட அன்று அவர் இரவுச் சோற்றைத் தொடவில்லை. அன்னக்கொடி தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். மறுநாளே முதல் ஜீப்பில் போடிக்கு இறங்கினாள், சூரிய மின்சாரம் விசாரிக்க.

முதல் கடைக்காரர் விலையைச் சொல்லி, மானியத்தைச் சொல்லி, இனிமேல் பில்லே வராது என்றார்.

"பில்லு கெடக்கட்டும். கரண்டு போனா இது ஓடுமா?" என்று கேட்டாள்.

"கரண்டு போனா இதுவும் நின்னுரும்மா. கம்பியில வேல பாக்குறவுகளுக்கு ஷாக் அடிச்சிரக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

"நாங்க வாங்க வந்ததே கரண்டு போற நேரத்துக்குத்தான்."

பேட்டரியோடு சேர்ந்த அமைப்புதான் தங்களுக்கு ஏற்றது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள். அதன் விலையைக் கேட்ட அழகுராஜா தலையில் கை வைத்தான். "ஆத்தா, மொதக் கடையில பாதி வெலைக்குக் குடுக்குறாங்க" என்றான்.

"ஒங்கய்யா பாதி மூச்சா விடப் போறாரு?" என்று அவள் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாவது கடைக்காரன் நிலவன். முப்பது வயதிருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான். அது அவளுக்குப் பிடித்தது. நாளையே வந்து வீட்டைப் பார்க்கிறேன் என்று அவன் சொன்னபோதுதான் அவள் தடுத்தாள். அது வைகாசி. தென்மேற்கு மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளைகளைக் கழிக்கும் பருவம். ஏலச்செடி நிழலில் வாழ்வதுதான் என்றாலும், மழைக்காலத்தில் அதற்குக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். வீட்டைச் சுற்றி வெட்டிய கொப்பும் குழையும் கிடக்க, ஒரு வெளியாள் வந்து நிற்பதை அன்னக்கொடியால் ஏற்க முடியாது. "கழிச்சு, கூட்டி அள்ளி முடிக்கட்டும் தம்பி. பெறகு சொல்லி விடுறேன், வாங்க" என்றாள்.

அவன் வந்த நாளில் வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மொட்டையாக நின்ற மரங்களுக்கு நடுவே தகரக் கூரை முழுவதும் வெயில் அடித்தது. நிலவன் ஏணி வைத்து ஏறினான், அளந்தான், படம் எடுத்தான். கூரையின் இரு சாய்விலுமாக ஆறு சூரியப் பலகைகள் என்று கணக்குச் சொன்னான். அன்னக்கொடி முன்பணம் கொடுத்தாள். மீதியை ஏலக்காய் விற்றதும் தருவதாகப் பேச்சு.

அந்த ஆண்டு காய் நன்றாகவே இருந்தது. பறித்து, உலர்த்தி, சலித்து, தரம் பிரித்துப் போடி ஏல மையத்துக்கு அனுப்பினார்கள். ஏலத் திரையில் அவர்களுடைய சரக்கின் லாட்டு எண் வந்ததும் அழகுராஜா தொலைபேசியில் அழைத்து, விலை ஏற ஏறச் சொல்லிக்கொண்டே வந்தான். முடிந்த விலையைக் கேட்டு அன்னக்கொடி கண்ணை மூடித் திறந்தாள். ஐப்பசியில் பணம் வங்கிக்கு வந்தது. நிலவன் சாமான்களை ஜீப்பில் ஏற்றத் தயாராக இருப்பதாகச் சொன்னான். மறுநாள் காலை போடிக்குப் போய் மீதியைச் செலுத்திவிட்டால் வேலை முடிந்தது.

மறுநாள் காலை குளிராக இருந்தது. நெஞ்சில் குளிர் தங்கக் கூடாது என்பது மருத்துவர் சொல். அதனால் கன்னையனை வெயிலில் உட்கார வைப்பது அவளுடைய காலை வேலைகளில் ஒன்றாகிவிட்டிருந்தது. நாற்காலியை வாசலில் போட்டாள்; அங்கே வெயில் இல்லை. சற்றுத் தள்ளித் தண்ணீர்த் தொட்டியருகே போட்டாள். வெயில் ஒரு கை அகலத்துக்கு வந்து நகர்ந்துவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு காப்பி காயவைக்கும் சிமெண்டுக் களத்துக்கு நடந்தாள். கன்னையன் மெதுவாகப் பின்னால் வந்து, முழு வெயிலில் உட்கார்ந்து, "மதி" என்றார். இடுக்கித் தோட்டங்களில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட மலையாளம் அது; போதும் என்று அர்த்தம்.

அவள் திரும்பி வீட்டைப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் முள்முருங்கை கிளை விட்டு, பலாவோடு கைகோத்து, கூரையை மூடியிருந்தது. தகரத்தில் காசு காசாகத்தான் வெயில் விழுந்தது. எல்லா ஆண்டும் இப்படித்தான் மூடும். அவளுக்குத் தெரியாதது அல்ல. தெரிந்திருந்தும், வருடத்தில் கூரை வெளிச்சமாக இருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் நிலவனை வரவழைத்திருந்தாள். பணம் மட்டும் என்றால் மனம் ஆறும். மழைக்காலத்தில் அந்தப் பேட்டரி நிரம்பாமல் கிடந்து, இயந்திரம் நின்றுபோனால்?

"என்ன, கூரைய அப்பிடிப் பாக்குற? கொரங்கு ஏறியிருக்கா?" என்றார் கன்னையன்.

"கொரங்கு இல்ல. எம் புத்திதான் ஏறி ஒக்காந்துருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் நிலவனைத் தொலைபேசியில் அழைத்தாள். "தம்பி, சாமானை ஏத்தாதீக. நீங்க மட்டும் வெரசா வாங்க. நான் ஒங்களை வரச் சொன்ன நேரம் தப்பாப் போச்சு" என்றாள். அந்தக் கடைசி வாக்கியம் அவள் வாயிலிருந்து எளிதில் வருவதன்று.

பகலுக்குள் நிலவன் வந்தான். செய்தி தெரிந்து அழகுராஜாவும் அதே ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்தான். நிலவன் கூரையை அண்ணாந்து பார்த்தான், பிறகு மரத்தை, பிறகு தன் காலை.

"நானும் கேட்டிருக்கணும்மா. போடியில எல்லாம் மொட்ட மாடி. மரம் வளந்து மறைக்கிற சோலி அங்க இல்ல" என்றான்.

அழகுராஜா, "அந்த ரெண்டு மரத்தையும் கழிச்சு விட்டாப் போச்சு. இதுக்கு ஏன் இம்புட்டு யோசனை?" என்றான்.

"இப்பக் கழிச்சா மாசி வெயில்ல கீழ இருக்கிற ஏலம் கருகிப் போகும். பெறகு ஒம் மொதலாளிக்கு எதை விப்ப, காஞ்ச குச்சியையா?" என்றாள் அன்னக்கொடி.

களத்தில் கன்னையன் மட்டும் வெயிலில் கால் நீட்டி, சுகமாகக் கண்ணயர்ந்திருந்தார். அன்னக்கொடி அவரைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். இந்தத் தோட்டத்தில் காப்பி காய வேண்டும் என்பதற்காகவே மரமில்லாமல் விட்ட ஒரே இடம் அது.

"தம்பி, கூரை மேலதான் போடணும்னு சட்டம் இருக்கா?"

"அப்பிடி ஒண்ணும் இல்லம்மா. இரும்புத் தாங்கல் வச்சுத் தரையிலயும் போடலாம்." அவனுக்குப் புரிந்துவிட்டது. நேரே களத்தை நோக்கி நடந்தான்.

பேச்சுச் சத்தத்தில் கண் விழித்த கன்னையன், விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்தார். "களத்துல தூணா? அதோட நெழலு விழுந்தா காப்பி எங்குட்டுக் காயும்? பூஞ்சை பிடிச்சா எவன் வாங்குவான்? வேணாம். நாம போடிக்கே போயிருவோம்."

கடைசியில் சொன்னதை அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். அன்னக்கொடி கொல்லைக்குப் போய் ஒரு மூங்கிலைத் தூக்கி வந்தாள். களத்தின் வடக்கு ஓரத்தில், சிமெண்டு முடியும் இடத்தில் அதை நட்டுப் பிடிக்குமாறு மகனிடம் சொன்னாள். மூங்கிலின் நிழல் களத்தின் பக்கம் வரவில்லை. வடக்கே, புல் சரிவின்மேல் விழுந்தது.

"காப்பி காயிற மாசத்துல சூரியன் தெக்கதான நிக்கிது? நெழலு வடக்க, புல்லுமேல விழட்டும். சித்திரைக்குப் பெறகு சூரியன் வடக்க திரும்பி நெழலு களத்துல விழும்போது அங்க என்ன காயுது?"

கன்னையன் மூங்கிலையும் நிழலையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒம் பொடவைதான் காயும்" என்றார்.

நிலவன் சிரித்துவிட்டான். அன்னக்கொடி சிரிக்கவில்லை, அடுத்த கேள்வியைக் கேட்டாள். "தாங்கலுக்கும் வயருக்கும் எம்புட்டுக் கூட ஆகும்? பேசுனதுக்கு மேல கையில பணம் இல்ல. இல்லாததை இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்."

அவன் களத்தின் விளிம்பில் குந்தித் தொலைபேசியில் கணக்குப் போட்டான். கூரையில் இரு சாய்விலும் பிரித்துப் போட வேண்டியிருந்ததால்தான் ஆறு பலகைகள். இங்கே எல்லாவற்றையும் தெற்கே பார்த்து வைக்கலாம், நாள் முழுவதும் வெயில், நான்கு போதும். மிஞ்சும் இரண்டின் விலை இரும்புக்கும் வயருக்கும் சரியாகப் போகும் என்றான்.

"பேட்டரி?"

"அதுல கை வைக்கலம்மா. ஐயா மிசினை ஒரு ராத்திரி முழுக்கத் தாங்கும். ரெண்டு நாளு அடைமழைன்னா மட்டும் மிக்சி, டிவியெல்லாம் நிப்பாட்டி வைங்க. அந்தச் சின்ன உருளையையும் தூரப் போட்டுறாதீக."

இந்தக் கடைசி எச்சரிக்கைதான் அவளை முழுவதும் நம்ப வைத்தது. மறுநாள் காலையே போடிக்கு இறங்கி மீதிப் பணத்தைச் செலுத்தினாள். வங்கியை விட்டு வெளியே வந்ததும், நெடுநேரம் சுமந்த தலைச்சுமையை இறக்கியவள்போல் கழுத்தை ஒருமுறை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டாள்.

ஐப்பசி முடிவதற்குள் களத்தின் வடக்கு ஓரத்தில் நான்கு பலகைகளும் ஏறின. கார்த்திகையில் ஒரு பிற்பகல் மழை பிடித்தது. சோற்றுக்குப் பிறகு கன்னையன் மூக்கில் குழாயோடு உறங்கிக்கொண்டிருந்தார். அன்னக்கொடி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்கோ மரம் முறியும் ஓசை கேட்டது. அவள் கை நின்றது. இயந்திரத்தின் சத்தத்தைக் கவனித்தாள்; அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை போலும் என்று மறுபடியும் புடைக்கத் தொடங்கினாள்.

வெகுநேரம் கழித்து, கீழ் வீட்டு சுஜிதா, தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, சேறும் சகதியுமாக வாசலில் வந்து நின்றாள். கையில் தொலைபேசி இருந்தது.

"ஆத்தா, கரண்டு போயி ஒரு மணி நேரமாச்சு. இந்தச் செல்லுல கொஞ்சம் சார்ஜு ஏத்தித் தாங்களேன்."

அன்னக்கொடி முறத்தைக் கீழே வைத்தாள். ஒரு மணி நேரம். எழுந்து போய்க் கணவரின் முகத்தைப் பார்த்தாள். நெற்றி வியர்க்கவில்லை, உதடு நிறம் மாறவில்லை. லேசாகக் குறட்டை கூட விட்டுக்கொண்டிருந்தார். மின்சாரம் போனதே அந்த வீட்டுக்குத் தெரியவில்லை. நழுவியிருந்த போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டாள்.

பிறகு திரும்பி, வாசலில் நின்றவளைப் பார்த்தாள்.

"காலைக் கழுவிட்டு உள்ள வா. சாக்கை வெளிய ஒதறிப் போடு. போட்டது போட்டபடி போடாத, மடிச்சுப் போடு."