மூன்று கம்பி கிட்டார்

செந்தில்குமாருக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர் வேலை. ஒரு தையல் நூலளவு விலகியிருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. வாரம் ஆறு நாளும் அந்தக் கண்ணால் ஷூக்களைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பழைய கிட்டார்களைப் பார்ப்பான்.

வாணியம்பாடி, ராணிப்பேட்டை, வேலூர் என்று பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி, கழுத்து வளைந்த கிட்டார்களையும் சத்தம் செத்துப்போன பேஸ் கிட்டார்களையும் மலிவாக வாங்கி வருவான். மொட்டைமாடியில் தகரக் கூரைக்குக் கீழே அவனுடைய மேஜை. அங்கே உட்கார்ந்து பிரிப்பான், தேய்ப்பான், ஒட்டுவான், கம்பி மாட்டுவான். தின்னர் வாடை வீட்டுக்குள் வருகிறது என்று மனைவி தேவிகா முதலில் சண்டை போட்டாள். பிறகு மாடிக் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகிக்கொண்டாள். செய்கிற வேலையைப் போனில் படம் பிடித்து யூடியூபில் போடுவது அவனுக்கு இரண்டு வருடப் பழக்கம். ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கித்தான் பேசினான். பழைய ரிப்பேர்களைக் கிண்டலடித்தால் ஜாஸ்தி பேர் பார்க்கிறார்கள் என்பது போகப் போகத் தெரிந்தது.

போன ஜூன் மாதம் வாணியம்பாடிக் கடையில் அந்தக் கிட்டார் கிடைத்தது.

"ஒரு ஜெபக்கூடத்துல பெயிண்ட் அடிக்கறாங்கன்னு பழசெல்லாம் அள்ளிப் போட்டாங்க சார். அதுல வந்தது," என்றார் கடைக்காரர்.

எந்த ஜெபக்கூடம், யார் வாசித்தது என்று செந்தில்குமார் கேட்கவில்லை. அதைப் பார்த்ததுமே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு கம்பி இருக்க வேண்டிய கிட்டாரில் மூன்றுதான் இருந்தது. கம்பியை முறுக்கும் சாவிகளில் மூன்றைக் கழற்றிவிட்டு ஓட்டைகளைத் தோலால் அடைத்திருந்தார்கள். கம்பிகள் ஒன்றுக்கொன்று அகலமாகத் தள்ளித் தள்ளி ஓடின. கழுத்தின் பின்பக்கம் கை பிடிக்கிற இடத்தில் தடிமனாக ஒரு தோல் மெத்தை தைத்திருந்தது.

வீடியோவில் அவன் அதைத் தூக்கிக் காட்டினான். "நண்பர்களே, இதப் பாருங்க. மீதி மூணு சாவிய நம்ம மேஸ்திரி பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டாரு போல!" அடுத்து தோல் மெத்தையைக் கத்தியால் நெம்பி எடுத்தான். "கிட்டாருக்குச் செருப்பு போட்டு விட்டுருக்கான்யா! செருப்பு தைக்கறவன் கைல குடுத்தா கிட்டாரும் செருப்பாத்தான் ஆவும்." சொல்லிவிட்டு மெத்தையைக் குப்பைக்கூடையில் எறிந்தான். அது கூடைக்குள் விழுவதை இரண்டாவது தடவை மெதுவாக ஓடவிட்டு, ஒரு சிரிப்புச் சத்தமும் சேர்த்தான்.

தோல் வேலையை நம்பியே பிழைக்கிற ஊரில், அந்த வார்த்தை யார் வீட்டு வாசலில் போய் விழும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். பேசும்போது வாய்க்கு ருசியாக இருந்தது, பேசிவிட்டான்.

நான்கு வாரம் உழைத்துக் கிட்டாரை மாற்றினான். ஓட்டைகளைத் திறந்து புதுச் சாவிகள் போட்டான். கழுத்தைத் தேய்த்து வார்னிஷ் அடித்தான். ஆறு கம்பியும் ஏறி கிட்டார் பளபளத்தது. வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். மேல்விஷாரத்தில் கல்லூரியில் படிக்கும் ஒவைஸ் என்ற பையன் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டே வந்து கிட்டாரை வாங்கிப் போனான்.

கம்பெனியிலும் அது பரவியது. சாப்பாட்டு ஹாலில் நாலைந்து பேர் சுற்றி நிற்க, செந்தில்குமாரே போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து ஓட்டிக் காட்டினான். செருப்பு என்ற இடம் வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். பேக்கிங் செக்‌ஷன் ஜோசுவா டிபன் பாக்ஸைக் கையில் பிடித்தபடி பின்னால் நின்று கடைசி வரைக்கும் பார்த்தார். நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். தினமும் காலையில் பேக்கிங் ஷீட்டைக் கொண்டுவந்து செந்தில்குமாரிடம் கையெழுத்து வாங்கிப் போவது அவர்தான்.

"இன்னா ஜோசுவா, எப்டி?" என்று கேட்டான்.

"புதுசு மாதிரி ஆயிடுச்சு சார்," என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

பத்து நாள் கழித்து, தையல் லைனில் வேலை செய்யும் கிறிஸ்டினா அவன் மேஜைக்கு வந்தாள். கையில் இருந்த ஷூவைக் காட்டுவது போலக் குனிந்தாள்.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"அந்தக் கிட்டார் ஜோசுவா அண்ணனோடது சார். நாங்க ஒரே ஜெபக்கூடம். பெயிண்ட் அடிக்கறப்ப தெரியாம பழைய இரும்போட சேர்த்துத் தள்ளி வுட்டுட்டாங்க. அவரு ரெண்டு மாசமா கடை கடையா தேடிட்டிருந்தாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"எப்டி சார் சொல்லுவாரு? நீங்க அவருக்கே போட்டுக் காட்டினீங்களாமே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவரு இடது கையப் பாத்திருக்கீங்களா சார்?"

அவன் பார்த்ததில்லை. மூன்று வருடமாக ஷீட்டை நீட்டுவது வலது கைதான். இடது கை எப்போதும் ஏப்ரன் பாக்கெட்டுக்குள் இருக்கும். அது அவர் பழக்கம் என்று நினைத்திருந்தான். நினைத்துக்கூடப் பார்த்ததில்லை என்பதுதான் நிஜம்.

"சுண்டு விரலும் மோதிர விரலும் இல்ல சார். முன்னாடி வேற கம்பெனில கட்டிங் பிரஸ் மெஷின்ல போயிடுச்சு. மீதி விரல வச்சு வாசிக்கணும்னு அவரே அந்தக் கிட்டார அப்டி மாத்திக்கிட்டாரு."

அவள் போனதும் செந்தில்குமார் ஸ்டாக் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவைத் திறந்தான். முதலில் சத்தமில்லாமல் பார்த்தான். மூன்று கம்பிகளும் அகலமாக ஓடியது இரண்டு விரல் நெருக்கடியில்லாமல் அழுத்துவதற்காக. பிடிமானம் இல்லாத உள்ளங்கை வழுக்காமல் இருக்க அந்த மெத்தை. ஓட்டைகளை அடைத்த தோல் மரத்தோடு மரமாக, விரலால் தடவினால்கூடத் தெரியாத அளவுக்குச் சமமாக இருந்தது. மெத்தையின் தையல் ஓரத்தில் ஒரு நூல்கூட வெளியே தெரியவில்லை. ஷூவில் அப்படி ஒரு தையல் வந்திருந்தால் லைனையே கூப்பிட்டுக் காட்டியிருப்பான். பிறகு சத்தத்தை வைத்துப் பார்த்தான். தன் குரலைப் பாதிக்கு மேல் அவனால் கேட்க முடியவில்லை.

அன்றைக்கே போய்ப் பேசியிருக்க வேண்டும். அவன் அதைச் செய்யவில்லை. அடுத்த இரண்டு நாளும் ஷீட் வருகிற நேரத்தில் கட்டிங் செக்‌ஷன் பக்கம் போய் நின்றுகொண்டான். கையெழுத்துப் போட ஜூனியரை அனுப்பினான். கிறிஸ்டினா தன்னிடம் சொன்னது ஜோசுவாவுக்குத் தெரியாமல் இருந்தால் இது இப்படியே போய்விடும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அப்படி நினைத்ததுதான் வீடியோவில் பேசியதைவிட அவனை அதிகம் அரித்தது. தேவிகாவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. "நான் அந்த வீடியோவப் பாத்தப்பவே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு," என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு மேல்விஷாரம் போனான். தன்னுடைய சொந்தக் கிட்டாரைக் கொடுத்து அதை மாற்றிக்கொள்வதாக ஒவைஸிடம் கேட்டான். நல்ல கிட்டாரைத் தந்துவிட்டு சுமாரானதை ஏன் கேட்கிறார் என்று பையனுக்குப் புரியவில்லை. செந்தில்குமார் காரணத்தைச் சொன்னான். யாருடையது என்று மட்டும் சொல்லவில்லை.

"நானும் சிரிச்சேன் அண்ணா. தோஸ்துங்களுக்கெல்லாம் அனுப்பினேன்," என்று சொல்லிவிட்டு ஒவைஸ் உள்ளே போய்க் கிட்டாரை எடுத்து வந்தான்.

மறுநாள் மத்தியானம், ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, நாட்றம்பள்ளிக்குப் பைக்கில் போனான். ஜோசுவாவின் வீடு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சிமெண்ட் ஷீட் போட்ட இரண்டு அறை வீடு. ஜோசுவாவின் மனைவி ஹெலன் கதவைத் திறந்தாள். அவன் தோளில் தொங்கிய கிட்டார் பையைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துகொண்டாள்.

"உள்ள வாங்க," என்றாள். குரலில் வரவேற்பு இல்லை.

ஜோசுவா கைலியோடு எழுந்து நின்றார். இடது கையைப் பின்னால் கொண்டுபோனார். பிறகு என்ன நினைத்தாரோ, முன்னால் கொண்டுவந்து அப்படியே விட்டுவிட்டார்.

"உக்காருங்க சார்."

செந்தில்குமார் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். "எனக்குத் தெரியாது ஜோசுவா," என்று ஆரம்பித்து நிறுத்தினான். "தெரியலன்னாலும் நான் அப்டிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

ஹெலன்தான் பதில் சொன்னாள். "எங்க பொண்ணு எட்டாவது படிக்குது. அதுதான் மொதல்ல போன்ல பாத்துது. அப்பா கிட்டாரு கெடச்சிடுச்சுன்னு கத்திக்கிட்டே ஓடியாந்து எங்களக் கூப்ட்டுது. மூணு பேரும் ஒண்ணா உக்காந்துதான் பாத்தோம். நீங்க பேசப் பேச அது எங்க மூஞ்சியப் பாத்துது. செருப்புன்னு சொன்னீங்க பாருங்க, அப்ப எழுந்து உள்ள போயிடுச்சு. ரெண்டு நாளு அவங்கப்பாகிட்டயே சரியாப் பேசல."

"ஹெலன், போதும்," என்றார் ஜோசுவா.

"போதும்னா எப்டி? அவரு தெரிஞ்சிக்கட்டும்."

அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். செந்தில்குமார் தரையையே பார்த்தான். உள் அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ நிற்பது போல இருந்தது. அந்தப் பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஜோசுவா கிட்டாரைப் பையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை வழுக்கியது.

"வேல சுத்தமா செஞ்சிருக்கீங்க சார். ஆனா எனக்கு ஆவாது."

"நானே பழையபடி மாத்தித் தர்றேன். நீங்க எப்டின்னு சொல்லுங்க. அந்தத் தோல் மெத்த மட்டும்... குப்பைல போயிடுச்சு."

"பாத்தேன் சார்," என்றார் ஜோசுவா. "நானே பண்ணிக்கறேன்."

பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். அதில் தோல் சீவும் கத்தி, அரம், ஊசி, தோல் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா. தரையில் உட்கார்ந்து கம்பிகளைத் தளர்த்தினார். ஸ்க்ரூவை இரண்டு விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வலது கையால் திருப்பினார். ஒரு ஸ்க்ரூ நழுவி உருண்டது. செந்தில்குமார் சட்டென்று குனிந்து எடுக்கப் போனான். ஜோசுவா அவனுக்கு முன்னால் காலை நீட்டி அதைத் தடுத்து, தானே எடுத்துக்கொண்டார். கோபமாகச் செய்யவில்லை. அவருக்கு உதவி தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அவன் திரும்பவும் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டான். பத்து விரலையும் அன்றைக்கு எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"அடிபட்டு ரெண்டு வருஷம் கிட்டாரத் தொடவே இல்ல," என்றார் ஜோசுவா, தலை நிமிராமல். "ஸ்கூல்லேர்ந்து வாசிச்சவன். ஆறு கம்பிய இந்தக் கை பிடிக்காது. அப்புறம் ஒருநா தோணுச்சு, கையத்தான் மாத்த முடியாது, கிட்டார மாத்தலாமேன்னு."

கம்பிகள் தலைப்பக்கம் உட்காருகிற சின்னத் துண்டையும் பிடுங்கி வைத்துவிட்டு, ஷூவின் குதிகாலுக்கு வைக்கிற கெட்டி அட்டையிலிருந்து புதிதாக ஒன்று சீவினார். ஒவ்வொரு தடவையும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். ஹெலன் டீ கொண்டுவந்து செந்தில்குமாரின் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தாள். அதில் ஆடை படிகிற வரைக்கும் அவன் தொடவில்லை. பிறகு குடிக்காமல் போனால் அது வேறு மாதிரி ஆகிவிடுமே என்று ஒரே மூச்சில் குடித்தான்.

"ஜோசுவா, நான் ஒரு வீடியோ போடறேன்," என்றான். "இந்தக் கிட்டார் யாருது, எதுக்கு இப்டி செஞ்சீங்க, நான் பேசினது எவ்ளோ தப்புன்னு எல்லாத்தயும் சொல்லிடறேன். நாற்பதாயிரம் பேரும் பாக்கட்டும்."

ஜோசுவா அரத்தைக் கீழே வைத்தார். முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வேணாம் சார். இதுவரிக்கும் யாருன்னு தெரியாம சிரிச்சாங்க. நீங்க போட்டா யாருன்னு தெரிஞ்சிடும். அப்புறம் பாவம்பாங்க. கையப் பாப்பாங்க. எனக்கு அது இன்னும் பேஜாரு."

மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டால் தன் மனபாரம்தான் இறங்கும், அவருக்கு ஒன்றும் இறங்காது என்பது அப்போதுதான் செந்தில்குமாருக்கு உறைத்தது. அதற்கு வருகிற கமெண்டுகளைக்கூட உள்ளுக்குள் எங்கோ எண்ணிப் பார்த்திருக்கிறான். போனை எடுத்து, அவர் முன்னாலேயே பழைய வீடியோவை அழித்தான்.

"அழிச்சிட்டேன்."

"சரி சார்," என்றார் ஜோசுவா. "நம்ம லைன்ல எல்லார் போன்லயும் இருக்கு. பரவால்ல."

மூன்று கம்பி ஏறியது. கழற்றிய மூன்று சாவிகளையும் ஒரு துணியில் துடைத்து அவனிடம் நீட்டினார்.

"இது நீங்க போட்டது. எடுத்துக்கோங்க."

"இருக்கட்டும் ஜோசுவா, வச்சிக்கோங்க."

"எனக்கு எதுக்கு சார்?"

வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்ல அவனுக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை.

"மெத்த தைக்கணும். நல்ல தோலு பாத்து எடுக்கணும். ஒரு வாரம் ஆவும்," என்று ஜோசுவா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாசித்துக் காட்டவில்லை. செந்தில்குமார் கேட்கவும் இல்லை. ஹெலனிடம் போய் வருகிறேன் என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெளியே வந்து பைக்கில் சாவியைப் போடும்போது உள்ளே ஒரு கம்பி அதிர்ந்தது. சுருதி சேராமல் கீழே இறங்கி, மெதுவாக மேலே ஏறி, ஒரு இடத்தில் நின்றது. அதோடு சேர்ந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல், "இன்னும் கொஞ்சம்ப்பா," என்றது.

நின்று கேட்க ஆசையாக இருந்தது. அதைக் கேட்கத் தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பதும் தெரிந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்தால் அந்தச் சத்தம் கெட்டுவிடும். பைக்கை ஓசைப்படாமல் தள்ளிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் நடந்தான்.